கைத்தொலைபேசியை எங்கே வைத்துச் சோதிப்பது?

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் வார இறுதி இணைப்பில் வரும் புதிய கைத்தொலைபேசிகளின் மதிப்பீட்டுப் பக்கத்தை வன்னியில் பலர் வெட்டி மடித்துக்கொண்டு கடைக்கு வருகிறார்கள். "இதுக்கு நாலு நட்சத்திரம் போட்டிருக்கு, இதையே தாங்கோ" என்பதுதான் கேள்வி. கமரா எத்தனை மெகாபிக்ஸல், ராம் எத்தனை ஜிபி, திரை எத்தனை அங்குலம் என்று பார்த்துப் போட்ட நட்சத்திரங்கள் அவை. ரவருக்குப் பக்கத்தில், மின்சாரம் அறுந்து போகாத அறையில் இருந்து பாவிப்பவருக்கு அந்த அளவுகோல் போதும். விசுவமடுவில் தகரக் கூரைக்குக் கீழே இருந்து கனடாவில் உள்ள மகளோடு கதைக்க வேண்டியவருக்கும், ஒட்டுசுட்டான் பக்கம் வயல் வரம்பில் நின்று மெசேஜ் பார்ப்பவருக்கும் அது போதாது. போன் திருத்தும் தொழிலில் உள்ளவர்கள் என்ற வகையில், இங்கே ஒரு செற்றை எப்படி எடைபோட வேண்டும் என்பதை எழுதுகிறோம். மதிப்பீடு எழுதுபவரும் இதைக் கவனத்தில் எடுக்கலாம்.

முதலில் சிக்னல். போனின் மேல் மூலையில் நிற்கும் கோடுகளை நம்ப வேண்டாம். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பத்துக்கு வைத்திருக்கிறார். ஒரே மேசையில், ஒரே சிம்மில் ஒரு செற் நாலு கோடும் மற்றது இரண்டு கோடும் காட்டும். இரண்டுக்கும் உண்மையில் வருவது ஒன்றாகவே இருக்கும். பார்க்க வேண்டியது இலக்கத்தை. அன்ட்ரோயிட் போனில் அமைப்புகளுக்குள் போய், 'போனைப் பற்றி' என்ற பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் வலிமை டிபிஎம் கணக்கில் நிற்கும். பல செற்றுகளில் *#*#4636#*#* என்று அழுத்தினாலும் வரும். இது கழித்தல் கணக்கு. 4ஜியில் −80, −90 என்றால் திறம். −100 வரை வேலை ஓடும். −110இல் மெசேஜ் போகும், வீடியோ அழைப்பு தடக்கும். −120ஐத் தாண்டினால் இணைப்பு அறுந்து அறுந்து வரும்.

இந்த இலக்கத்தில் பத்துக் குறைந்தால் வருகிற அலை பத்தில் ஒன்றாகிவிடும். சந்தியில் −80, வீட்டுக்குள் −110 என்றால் வீட்டுக்குள் வருவது சந்தியில் வந்ததன் ஆயிரத்தில் ஒரு பங்குதான். தகரம் அலையைத் திருப்பி அனுப்பும். கூரையின் நடுவில் இருந்து வாசலுக்கு வந்தாலே பத்துக்கு மேல் கூடுவதை அளந்து பார்க்கலாம். ஆகவே கடையில் நின்று "சிக்னல் நல்லா இருக்கு" என்று சொல்லி வாங்கிய செற் வீட்டில் முனகினால், அதில் செற்றின் பிழை பாதி, கூரையின் பிழை பாதி. இரண்டு மொடலில் எது திறம் என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு: ஒரே சிம்மை மாற்றிப் போட்டு, ஒரே இடத்தில் வைத்து, ஐந்து நிமிடம் விட்டு இலக்கத்தைப் பார்ப்பது. ஐந்து, ஆறு வித்தியாசம் வந்தால் அது பெரிய வித்தியாசம். அந்தச் செற்றைத்தான் எடுக்க வேண்டும், கமரா கொஞ்சம் குறைவென்றாலும்.

அடுத்தது பட்டை, அதாவது போன் பிடிக்கும் அதிர்வெண் வரிசை. இலங்கையில் 4ஜி பெரும்பாலும் 1800 மெகாஹேர்ட்ஸில் வருகிறது; போன் விபரத்தில் இதை 3ஆம் பட்டை என்று போட்டிருப்பார்கள். 900 மெகாஹேர்ட்ஸ் என்பது 8ஆம் பட்டை. அதிர்வெண் குறைந்த அலை மரத்தையும் சுவரையும் கடந்து தூரம் போகும்; கூடியது ரவருக்குக் கிட்ட வேகமாக ஓடும், காட்டோரத்தில் களைத்துவிடும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுக்கும் செற்றில் கவனம் தேவை. வேறு நாட்டுச் சந்தைக்கென்று செய்த சில மொடல்களில் எங்களுக்கு வேண்டிய பட்டை ஒன்று இருக்காது. பெயர் ஒன்றாக இருக்கும், மொடல் இலக்கத்தின் கடைசி எழுத்து மட்டும் வேறாக இருக்கும். அந்த முழு மொடல் இலக்கத்தை வைத்துத்தான் தயாரிப்பாளரின் தளத்தில் பட்டைகளைப் பார்க்க வேண்டும், பெயரை வைத்து அல்ல.

சிக்னலிலேயே இன்னொரு பொறி வோல்ட்டி. 4ஜி வலையமைப்பு டேட்டாவுக்கென்று செய்தது. சாதாரண அழைப்பும் அதன் வழியாகவே போவதென்றால் போனில் வோல்ட்டி இருக்க வேண்டும். அது உங்கள் சிம் கொம்பனியோடு ஒத்துப்போகவும் வேண்டும். இல்லாவிட்டால் அழைப்பு வந்தவுடன் போன் 4ஜியை விட்டுப் பழைய வலையமைப்புக்கு இறங்கும், டேட்டா நின்றுவிடும் அல்லது தவழும். சோதனை இலகு. யூடியூப்பில் ஒரு பாட்டை ஓடவிட்டு, பக்கத்தில் உள்ளவரின் போனுக்குச் சாதாரண அழைப்பு எடுத்து, மேலே பாருங்கள். 4ஜி என்றே நின்றால் வோல்ட்டி உண்டு. 'ஈ' அல்லது 'எச்' என்ற ஆங்கில எழுத்துக்கு மாறினால் இல்லை. பெட்டியில் வோல்ட்டி என்று அச்சடித்திருந்தாலும், அந்த நாட்டு மென்பொருளில் எங்கள் கொம்பனிக்குத் திறந்துவிடப்படாவிட்டால் வேலை செய்யாது. சிலர் இதற்கு மருந்தாக '4ஜி மட்டும்' என்று பூட்டிவிடுகிறார்கள். வோல்ட்டி இல்லாத செற்றில் அப்படிப் பூட்டினால் வட்ஸ்அப் ஓடும், சாதாரண அழைப்பு ஒன்றும் உள்ளே வராது. ஆஸ்பத்திரியில் இருந்து எடுத்தாலும் வராது.

பற்றரியின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. 5000 மில்லி அம்பியர் மணி என்று பெட்டியில் இருப்பது பொய் அல்ல. ஆனால் இரண்டு நாள் நிற்கும் என்பது ரவருக்குக் கிட்ட இருப்பவரின் கணக்கு. ரவர் தூரமானால் போன் கத்திப் பேச வேண்டி வருகிறது. 4ஜியில் போன் அனுப்பும் ஆகக் கூடிய வலு சுமார் 0.2 வாற்று. பக்கத்தில் ரவர் இருந்தால் அதில் மிகச் சிறு பங்கே போதும். 900 மெகாஹேர்ட்ஸ் 2ஜிக்கு இறங்கினால் துடிப்புத் துடிப்பாக 2 வாற்று வரை போகலாம். ரேடியோவுக்குப் பக்கத்தில் போனை வைத்தால் அழைப்பு வருவதற்கு முன் "டட்-டட்-டட்" என்று ஒரு இரைச்சல் கேட்குமே, அது இந்தத் துடிப்புத்தான். அந்த இரைச்சல் உங்கள் வீட்டில் அடிக்கடி கேட்டால் போன் 2ஜியில் கிடந்து பற்றரியைத் தின்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதை அளக்கவும் வழி உண்டு. இரவு 10 மணிக்கு டேட்டாவைத் திறந்தபடி, திரையை அணைத்து, வழக்கமாகப் படுக்கும் இடத்தில் வையுங்கள். காலை 6 மணிக்குப் பாருங்கள். ஐந்து, எட்டு வீதம் இறங்கியிருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதினைந்து, இருபது போயிருந்தால் போன் இரவு முழுக்கச் சிக்னல் தேடியிருக்கிறது, அல்லது ஏதோ செயலி உள்ளே ஓடியிருக்கிறது. இங்கே பலர் இரண்டு சிம் வைத்திருப்பது ஆசைக்கல்ல. ஒரு கொம்பனி வீட்டில் பிடிக்கும், மற்றது வயலில் பிடிக்கும். ஆனால் பிடிக்காத சிம் சும்மா இருப்பதில்லை, விடாமல் தேடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்தால் அந்தச் சிம்மை அமைப்புகளில் அணைத்துவிட்டால் வித்தியாசம் அன்று இரவே தெரியும்.

சிம் குழியையும் வாங்க முதல் வெளியே இழுத்துப் பாருங்கள். சில செற்றுகளில் இரண்டு குழிதான்: இரண்டாவது சிம் போட்டால் மெமறிகாட்டுக்கு இடமில்லை, மெமறிகாட் போட்டால் இரண்டாவது சிம்முக்கு இடமில்லை. இரண்டு சிம்மும் பாட்டும் வேண்டும் என்றால் மூன்று குழி உள்ளதைக் கேளுங்கள். மதிப்பீட்டுப் பக்கத்தில் 'இரட்டைச் சிம், மெமறிகாட் வசதி' என்று ஒரே வரியில் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் முடியுமா என்பதை ஒருவரும் எழுதுவதில்லை.

திரையைக் கடைக்குள் பார்க்கக் கூடாது. நடுப்பகல் 12 மணிக்கு வெளியே வந்து, வெயிலில் பிடித்து, ஒரு வட்ஸ்அப் மெசேஜை வாசியுங்கள். 400, 500 நிற்ஸ் பிரகாசம் உள்ள திரையில் உங்கள் முகம்தான் தெரியும். 800, 1000 என்று போகும் செற்றில் எழுத்துத் தெரியும். அமோலெட் திரை வடிவாக இருக்கும், கறுப்பு நல்ல கறுப்பு; ஆனால் விழுந்து உடைந்தால் மாற்றுகிற செலவு சாதாரண எல்சிடியை விடப் பல மடங்கு. நெல்மூட்டை தூக்குபவரின் சட்டைப் பையில் இருக்கப்போகும் போனுக்கு, மாற்று டிஸ்பிளே கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ அன்றைக்கே கிடைக்குமா என்பதும் மதிப்பீட்டில் ஒரு புள்ளி. கிடைக்காத மொடல் என்றால் கொழும்பிலிருந்து வரும் வரை காத்திருக்க வேண்டும், அதுவரைக்கும் போன் இல்லை.

மெசேஜ் விடயத்தில் வரும் பெரிய முறைப்பாடு ஒன்றுதான்: "போனைத் திறந்தால்தான் வட்ஸ்அப் வருது, மூடினா ஒன்றும் வராது." போன் பழுது அல்ல. பற்றரியை மிச்சம்பிடிக்கவென்று சில தயாரிப்பாளர்கள் பின்னால் ஓடும் செயலிகளைக் கொன்றுவிடுகிறார்கள். அமைப்புகளில் செயலிகள் என்பதற்குள் வட்ஸ்அப்பை எடுத்து, பற்றரியில் 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்ற வேண்டும். சில செற்றுகளில் 'தானாகத் தொடங்கு' என்பதையும் திறக்க வேண்டும். வைபருக்கும் இமோவுக்கும் இதே வைத்தியம். மென்பொருள் புதுப்பித்தால் சில செற்றுகள் பழையபடி பூட்டிவிடும், திரும்பச் செய்ய வேண்டும்.

வயோதிபருக்கென்று 4ஜி விசைப்பலகைப் போன் கேட்டு வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 4ஜி என்றாலே வட்ஸ்அப் வரும் என்பதில்லை. கைஓஎஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் விசைப்பலகைப் போன்களில் முன்பு வட்ஸ்அப் இருந்தது. 2024 ஜூனில் புதிதாகத் தரவிறக்குவதை நிறுத்திவிட்டார்கள். பழைய ஸ்மார்ட் போனிலும் இதே கதை: 2025 ஜனவரி முதல் அன்ட்ரோயிட் 4.4 உள்ள செற்றுகளில் வட்ஸ்அப் இல்லை. பெட்டியில் அந்தப் பச்சைச் சின்னத்தை அச்சடித்து விற்கும் பழைய சரக்கு இன்னும் கடைகளில் கிடக்கிறது. சிம்மைப் போட்டு, அங்கேயே வட்ஸ்அப்பை நிறுவி, ஒரு மெசேஜ் அனுப்பிப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

டேட்டா இல்லாத நேரம் எஸ்எம்எஸ் தான் கை கொடுக்கும். தமிழில் எழுதினால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்குள் 70 குறிகள்தான் அடங்கும், ஆங்கிலத்தில் 160. தமிழில் குறி என்பது நாங்கள் கண்ணால் எண்ணும் எழுத்து அல்ல. 'கிளிநொச்சி' கண்ணுக்கு ஐந்து எழுத்து; போனுக்குப் பத்து. கி என்றால் ககரம் ஒன்று, விசிறி ஒன்று என்று இரண்டாக எண்ணும். ச் என்றாலும் அப்படித்தான்: சகரம் ஒன்று, புள்ளி ஒன்று. 70ஐத் தாண்டியவுடன் செய்தி துண்டாகும், துண்டுக்கு 67 குறிகள், ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம். தட்டச்சுப் பகுதியின் ஓரத்தில் சின்னதாக ஓடும் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு எழுதினால் காசு மிஞ்சும். தமிழில் தட்டச்சத் தெரியாதவர்களுக்கு கூகுள் விசைப்பலகையில் குரல்வழி எழுத்து உண்டு. மொழிப் பட்டியலில் 'தமிழ் (இலங்கை)' என்று தனியே இருக்கிறது, அதைத் தெரிவுசெய்யுங்கள்.

பிள்ளைகளின் போன் என்றால் பாமினிச் சிக்கலைச் சொல்லாமல் விட முடியாது. ஆசிரியர்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சிய குறிப்புகளை வேர்ட் கோப்பாக அனுப்புகிறார்கள். போனில் அந்த எழுத்துரு இல்லாததால் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். பெற்றோர் போன் பழுதென்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எந்த விலைப் போனிலும் அப்படித்தான் தெரியும். அனுப்புபவர் கணினியிலேயே பிடிஎப் ஆக மாற்றி அனுப்பினால் எழுத்துருவும் உள்ளேயே போய்விடும். இல்லாவிட்டால் யூனிகோட்டுக்கு மாற்ற வேண்டும். பழைய வினாத்தாள்களை வாசிக்க வேண்டும் என்றால் ஆறரை அங்குலத் திரையில் ஏ4 பக்கம் கண்ணைக் குத்தும். எட்டு அல்லது பத்து அங்குல டெப் ஒன்று நல்லது. ஆனால் மலிவான டெப்களில் பல வைபை மட்டும் உள்ளவை, சிம் குழி இல்லை. வாங்கிப் போய் வீட்டில் வைத்துக்கொண்டு "நெற் வருகுதில்லை" என்று திரும்பி வருவதற்கு முன் பக்கவாட்டைப் பாருங்கள். ஒருவரின் போனில் இருந்து ஹொட்ஸ்பொட் கொடுத்து ஓட்டலாம், அந்தப் போனின் பற்றரியும் சேர்ந்து ஓடும்.

இணையம் பார்ப்பதற்கு ராம் 4 ஜிபியாவது இருக்கட்டும். பெட்டியில் 16 ஜிபி என்று பெரிய எழுத்தில் இருக்கும், கீழே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் 8+8 என்று நிற்கும். இரண்டாவது எட்டு உண்மையான ராம் அல்ல. சேமிப்பு மெமறியில் ஒரு பகுதியைக் கடன் வாங்கி ராம் என்று பெயர் வைத்தது. சேமிப்பு மெமறி ராமை விடப் பல மடங்கு மெதுவானது. சோதனை: பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தையோ தங்கள் பத்திரிகையின் தளத்தையோ திறந்து, பாதி வரை உருட்டி வாசித்து, நடுவில் ஒரு வட்ஸ்அப் வீடியோ அழைப்பு எடுத்துவிட்டுத் திரும்பி வாருங்கள். பக்கம் விட்ட இடத்திலேயே நின்றால் ராம் போதும். முதலிலிருந்து மறுபடி இறங்கினால் போதாது. அப்படி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் டேட்டாவும் சேர்ந்து போகும். சேமிப்பு 32 ஜிபி உள்ள செற்றில் கணிசமான பங்கை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும். மிச்சத்தைக் குடும்பக் குழுவில் வரும் காலை வணக்கப் படங்களும் பிறந்தநாள் வீடியோக்களும் சில மாதங்களில் நிரப்பிவிடும். வட்ஸ்அப் அமைப்பில் 'சேமிப்பும் டேட்டாவும்' என்பதற்குள் தானாகத் தரவிறங்குவதை நிறுத்துங்கள். அதே இடத்தில் 'அழைப்புக்குக் குறைந்த டேட்டா' என்ற வசதியும் உண்டு. −105, −110இல் இருப்பவர்களுக்குக் குரல் தடக்காமல் வர அது உதவும்.

5ஜிக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். அந்தக் காசைப் பிரகாசமான திரைக்கும் உண்மையான ராமுக்கும் கொடுங்கள்.

பொழுதுபோக்கு என்றால் முதலில் டேட்டாக் கணக்கு. யூடியூப்பை 480இல் ஓடவிட்டால் மணிக்குச் சுமார் அரை ஜிபி போகும். 144இல் அதன் ஒரு சிறு பங்குதான், படம் மங்கலாக இருக்கும். பாட்டுக் கேட்பவருக்கு அது போதும். திரைப்படத் தளங்களுக்குக் காசு கட்டிப் பார்ப்பவர்கள் போனில் வைட்வைன் (படங்கள் திருடப்படாமல் காக்கும் பூட்டு முறை) எல்1 தரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்3 என்றால் திரை எவ்வளவு கூர்மையானதாக இருந்தாலும் நெட்பிளிக்ஸ் 480க்கு மேல் வராது. சும்மா யூடியூப் பார்ப்பவருக்கு இது ஒரு பொருட்டல்ல. படங்களை மெமறிகாட்டில் ஏற்றிப் பார்ப்பதுதான் இங்கே வழமை என்பதால் இரண்டு விடயம். 4 ஜிபியை விடப் பெரிய கோப்பு காட்டில் ஏறாமல் 'இடமில்லை' என்று சொன்னால், காட் ஃபாட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. எக்ஸ்ஃபாட்டுக்கு மாற்றினால் ஏறும், மாற்ற முதல் உள்ளதை வேறிடத்தில் பிரதி எடுங்கள். மற்றது போலிக் காட். 512 என்று அச்சடித்து 32தான் உள்ளே இருக்கும். போனும் 512 என்றே காட்டும். நிரம்பிய பிறகு ஏற்றுவது ஒழுங்காகப் பதியாது, அல்லது பழையதன் மேலேயே பதியும். காட்டை முழுக்க நிரப்பி, முதலில் ஏற்றியதையும் கடைசியில் ஏற்றியதையும் திறந்து பார்த்தால் உண்மை தெரியும்.

எஃப்எம் வானொலியை இப்போது ஒருவரும் மதிப்பீட்டில் சேர்ப்பதில்லை. எங்கள் கணக்கில் அது முதல் ஐந்துக்குள் வர வேண்டும். கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்து மின்சாரம் போனால் ரவர்கள் பற்றரியில் சில மணித்தியாலம் நிற்கும். அது முடிந்தால், சிக்னலும் இல்லை, டேட்டாவும் இல்லை. இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறப்பது போன்ற அறிவித்தலை அந்த நேரம் காதில் போடக்கூடியது வானொலிதான். செயலியாக வரும் வானொலி இதற்கு உதவாது, அது டேட்டாவில் ஓடுவது. போனுக்குள்ளேயே எஃப்எம் அலைவாங்கி இருக்க வேண்டும், வயர் இயர்போன் குத்தும் துளையும் இருக்க வேண்டும். இயர்போன் வயர்தான் அன்ரனா. புளூடூத் இயர்போன் போட்டால் எஃப்எம் பிடிக்காது. வாங்கும்போது பறக்கும் முறையில் போட்டு, வயரைக் குத்தி, ஒரு அலைவரிசை பிடித்துப் பாருங்கள். பிடித்தால் அது உண்மையான எஃப்எம்.

மின்சாரம் பற்றியும் சில வரிகள். இடி முழங்கும்போது சார்ஜில் கிடந்த போன்கள்தான் சார்ஜ் ஐசி (சார்ஜைக் கட்டுப்படுத்தும் சில்லு) கருகி வருகின்றன. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்றுங்கள். 10,000 மில்லி அம்பியர் மணி பவர்பேங்க் 5000 பற்றரியை இரண்டு முறை நிரப்பும் என்பது தவறு. உள்ளே 3.7 வோல்ற்றில் இருப்பதை 5 வோல்ற்றுக்கு ஏற்றும்போதும் போனுக்குள் இறக்கும்போதும் வெப்பமாகப் போய்விடும். ஒன்றே கால் முறை நிரப்பினால் நல்ல பவர்பேங்க். சோலார் தகட்டில் நேரே போடுபவர்கள் போனை வெயிலில் வைக்காமல், நீள வயர் போட்டு நிழலில் வையுங்கள். சுமார் 45 பாகையைத் தாண்டினால் போனே சார்ஜை நிறுத்தும், நிறுத்தாத மலிவுச் செற்றில் பற்றரி ஊதும். சார்ஜ் துளைக்குள் செம்மண் தூசி இறுகினால் வயர் முழுதாக உட்காராது, ஆட்டினால்தான் ஏறும். ஊசியால் கிண்டினால் உள்ளே உள்ள முனைகள் ஒன்றோடொன்று தொட்டுச் சுட்டுவிடும். போனை அணைத்துவிட்டு மரப் பல்லுக்குச்சியால் மெதுவாக எடுங்கள். நிறுவனம் 'தண்ணீர் புகாது' என்று சொல்வது ஒட்டுப் பசை கழலாதவரைக்கும்தான். ஒருமுறை திறந்து டிஸ்பிளே மாற்றிய செற்றை அந்த நம்பிக்கையில் கடலுக்குக் கொண்டு போக வேண்டாம். நனைந்தால் அரிசிக்குள் புதைப்பதால் பயன் இல்லை. அணையுங்கள், சார்ஜில் போடாதீர்கள். உப்புத்தண்ணீர் என்றால் அன்றைக்கே திறந்து ஐசோபுரோப்பைல் அற்ககோலால் கழுவ வேண்டும்; மறுநாள் வந்தால் பச்சை படர்ந்திருக்கும்.

பாவித்த செற் வாங்குபவர்களுக்கு மேலே சொன்ன எல்லாம் உண்டு, மேலும் சில. *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்ஈஐ (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். இரட்டைச் சிம் செற் என்றால் இரண்டு இலக்கம் வரும். ஐஎம்ஈஐ என்ற நான்கு ஆங்கில எழுத்தையும் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, இலக்கத்தை எழுதி 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவானதா என்று பதில் வரும். பிறகு விற்பவரின் முன்னாலேயே போனை முழுதாக அழித்து மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டால், அல்லது ஐபோனில் முந்தையவரின் ஆப்பிள் கணக்கைக் கேட்டால், அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். "பிறகு உடைச்சுத் தாறன்" என்பது வாயால் சொல்வதுதான். பல செற்றுகளில் சிம் குழிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால் ஒரு சிறு வெள்ளைப் பொட்டு இருக்கும். அது சிவப்பாகி இருந்தால் போன் தண்ணீர் குடித்திருக்கிறது. ஒரு செயலிச் சின்னத்தை விரலால் பிடித்துத் திரை முழுக்க மேலும் கீழும் இழுங்கள், எங்கே நழுவி விழுகிறதோ அங்கே ரச் செத்திருக்கிறது. பின்மூடி ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு எழும்பி இருந்தால் பற்றரி ஊதிவிட்டது, விலை பேச வேண்டாம். பிளே ஸ்டோர் அமைப்பில் 'சாதனம் சான்றளிக்கப்பட்டது' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாத செற்றில் வங்கிச் செயலிகள் மக்கர் பண்ணும்.

புதிய செற் என்றாலும் கூகுள் கணக்கை நீங்களே திறவுங்கள். அவசரத்தில் கடைக்காரர் திறந்து கொடுத்த கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் ஒருவருக்கும் தெரியாமல், போன் பூட்டிய பிறகு தொடர்பு எண்களும் படங்களும் போவது இங்கே அடிக்கடி நடக்கிறது. கணக்கையும் கடவுச்சொல்லையும் குடும்ப அட்டையோடு வைத்திருக்கும் கொப்பியில் எழுதி வையுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் பழுதாகி விற்றவர் கையை விரித்தால், பற்றுச்சீட்டோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம். பற்றுச்சீட்டில் ஐஎம்ஈஐ எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தச் செற்தான் அது என்று நிரூபிக்க முடியாது.

ஆசிரியர் அவர்களே, தங்கள் பக்கத்தில் மெகாபிக்ஸலுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியைத் தந்தால் போதும். 3ஆம், 8ஆம் பட்டைகள், வோல்ட்டி எந்தக் கொம்பனிச் சிம்மோடு ஓடுகிறது, குழி இரண்டா மூன்றா, உண்மையான ராம் எவ்வளவு, நடுப்பகலில் திரை தெரிகிறதா, எஃப்எம் உண்டா, மாற்று டிஸ்பிளே வவுனியாவுக்கு வடக்கே கிடைக்கிறதா: ஒவ்வொரு மொடலுக்கும் இவற்றைப் போடுங்கள். மதிப்பீட்டுக்கு வரும் செற்றை இரண்டு நாளைக்கு இந்தப் பக்கம் அனுப்பினாலும் சரி. தகரக் கூரையும் வெயிலும் இங்கே உண்டு. நவம்பருக்கு முன் அனுப்பினால் வெயிலையும், பின் அனுப்பினால் மின்தடையையும் சேர்த்துச் சோதித்துத் தருகிறோம்.

இங்ஙனம்,
கைத்தொலைபேசி திருத்துநர்கள் சிலர்,
பரந்தன்.